பெயர்த்திக்கு ஒரு புதுப் பெயர்

ஈரோட்டுப் பக்கம் ஒரு வீட்டில் பெண் குழந்தை பிறக்கிறது. சொந்தத்தில் இதுவரை யாருக்கும் இல்லாத ஒரு பெயரைத் தாயும் தகப்பனும் சொல்கிறார்கள். உடனே மூன்று கேள்விகள் எழும். "கூப்புட வாயில நொழையுமா கண்ணு?" என்பார் அப்பத்தா. "கொலசாமி பேரு எங்க போச்சு?" என்பார் அப்பாரு. "நாளைக்குப் பள்ளிக்கோடத்துல புள்ளைங்க சிரிக்காதா?" என்று அம்மாயி தாழ்ந்த குரலில் கேட்பார்.

பெயரைத் தேடி அலைந்து, ஒன்றில் மனம் ஒன்றிப்போன பெற்றோருக்கு இவை முட்டுக்கட்டைகளாகத் தெரியும். பெரியவர்களுக்கு விவரம் போதாது என்று ஒதுக்கிவிடவும் தோன்றும். அப்படி ஒதுக்குவது தவறு என்பது என் எண்ணம். ஒரு பெயர் எதற்காக இருக்கிறது என்பதைப் பற்றிக் கொங்கு நாடு பல தலைமுறைகளாகச் சேர்த்து வைத்த அறிவு அந்த மூன்று கேள்விகளுக்குள் இருக்கிறது. அவற்றுக்கான விடையும் இதே மண்ணின் வரலாற்றில் கிடைக்கிறது. புதுப் பெயர் வைப்பவர்கள் அந்த விடையைத் தெரிந்துகொண்டு வைத்தால், பெயரும் நிலைக்கும், வீடும் உடன் வரும்.

பெயரைச் சுமந்தவர்கள்

பேரன் என்ற சொல்லைப் பிரித்தால் உள்ளே பெயர் இருக்கிறது. பெயரன் பேரனானான், பெயர்த்தி பேத்தியானாள். தந்தையின் பெயரைத் தாங்கியவன் என்ற பொருளில் பெயரன் என்ற சொல் ஐங்குறுநூற்றிலேயே வருகிறது. உறவைச் சுட்டும் சொல்லே, இந்தக் குழந்தை பாட்டன் பாட்டியின் பெயரைச் சுமக்கப் பிறந்தது என்று அறிவித்துவிடுகிறது. சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களைத் தலைமுறைக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் சூடியதும் பாட்டனிடமிருந்து பேரனுக்குப் போகும் அதே வழிதான்.

கொங்கு மண்ணில் இதற்கு இன்னும் பழைய சான்று ஒன்று உண்டு. கரூருக்கு அருகில் புகளூர் ஆறுநாட்டார் மலையில் தமிழி எழுத்தில் வெட்டிய கல்வெட்டு, சேர மரபின் மூன்று தலைமுறைகளைச் சொல்கிறது. கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோன். அவன் மகன் இளங்கடுங்கோ. ஒரே பெயருக்கு முன்னால் 'பெரு' என்றும் 'இளம்' என்றும் சேர்த்துத் தகப்பனையும் மகனையும் பிரித்திருக்கிறார்கள். பெரியசாமி, சின்னசாமி என்று நம் வீடுகளில் அண்ணன் தம்பியைப் பிரித்ததும் அதே வழியில்தான்.

பெயரைத் திரும்பத் திரும்ப வைப்பதில் ஒரு நியாயம் இருந்தது. இறந்தவர் வீட்டை விட்டுப் போகவில்லை என்ற ஆறுதலை அது தந்தது. பிறந்த குழந்தை யாருடைய வகையறா, எந்தக் குலசாமிக்கு முடியெடுக்க வேண்டியவள் என்பதையும் அந்தப் பெயரே ஊருக்குச் சொல்லிவிடும். சென்னியப்பன் என்றால் சென்னிமலை, பழனிசாமி என்றால் பழனி, அவிநாசியப்பன் என்றால் அவிநாசி, செல்லாத்தாள் என்றால் செல்லாண்டியம்மன். அப்பாரு கேட்கும் கேள்வியின் வேர் இங்கே இருக்கிறது. குழந்தை எங்கிருந்து வந்தது என்ற தடம் அழிந்துவிடக் கூடாது என்பது அவருடைய கவலை.

இந்த வழக்கத்துக்கு ஒரு மறுபக்கமும் இருந்தது. மாமனார், மாமியார், கணவன் ஆகியோரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது தமிழ்நாடெங்கும் இருந்த கட்டுப்பாடு. மாமியாரின் பெயரையே மகளுக்கு வைத்துவிட்டால், பெற்றவள் தன் மகளை எப்படிக் கூப்பிடுவாள்? அம்மிணி என்றாள், கண்ணு என்றாள், சாமி என்றாள், தங்கம் என்றாள். கொங்குத் தமிழின் அழகான விளிச்சொற்களில் சில இப்படி ஒரு தடையின் நிழலிலும் வாழ்ந்திருக்கின்றன. ஆனால் பத்து மாதம் சுமந்தவளுக்குத் தன் பிள்ளையின் பெயரைச் சத்தமாகச் சொல்லும் உரிமை இல்லாமல் போனதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சொந்தத்தில் யாருக்கும் இல்லாத ஒரு பெயர் அந்தத் தாய் வாய்திறந்து அழைக்கக்கூடிய பெயர். புதுப் பெயரின் சிறப்புகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

கொடுமணல் ஓடுகள்

பழைய பெயர்கள் எல்லாம் இந்த மண்ணிலேயே முளைத்தவை, புதியவை மட்டும் வெளியிலிருந்து வந்தவை என்று நினைப்பதற்கும் ஆதாரம் இல்லை. ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் இதுதான். 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் இங்கே அகழாய்வு செய்தன. மணிக்கற்களும் இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்த அந்த மண்ணில், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் 500-க்கும் மேல் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை மனிதர்களின் பெயர்கள்.

ஆதன், கண்ணன் ஆதன், பன்னன் என்ற தமிழ்ப் பெயர்கள் அங்கே இருக்கின்றன. கூடவே சுமணன் என்றும் விஸாகீ என்றும் வடபுலத்துச் சாயல் கொண்ட பெயர்களும் இருக்கின்றன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நொய்யல் கரையில் யாரோ ஒருவருக்கு வைத்த பெயரை அக்கம்பக்கத்தார் புதிதாகக் கேட்டிருப்பார்கள். வணிகம் நடந்த ஊர் அது. மணி வாங்க வந்தவர்களோடு பெயர்களும் வந்தன. சிலர் அந்த ஊரிலேயே தங்கினார்கள். அவர்கள் பானையில் கீறிய பெயர் இன்று நம்முடைய தொல்லியல் பெருமை ஆகிவிட்டது.

பெற்றோர் வைத்த பெயரே எப்போதும் நிலைக்கும் என்பதும் இல்லை. கொங்கின் கூட்டப் பெயர்களையே பாருங்கள். காடை, ஆந்தை, தூரன், செம்பன் என்று பறவையும் பிறவும் குலப் பெயராக வழங்குகின்றன. மொடக்குறிச்சிப் பக்கம் பிறந்து தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியராக இருந்த பெரியசாமி, தூரன் என்ற கூட்டப் பெயரைத் தன் பெயரோடு இணைத்துக்கொண்டார். பெரியசாமித் தூரன் என்றே இன்று அறியப்படுகிறார். காங்கேயம் பக்கம் பிறந்த தீர்த்தகிரி, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையில் ஒரு சின்னமலை என்று தன்னைச் சொல்லிக்கொண்டதாக ஊர் வழக்கு. 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட அவரை நாடு தீரன் சின்னமலை என்ற அந்தப் பெயராலேயே நினைவில் வைத்திருக்கிறது. பெற்றோர் வைத்த பெயர் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக நிற்கிறது.

அருக்காணி

பெண் பெயர்களுக்கு வருவோம். கொங்கு நாட்டின் பெருங்கதை அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர் இருவரின் வீரமும் சாவும் இரவிரவாகப் பாடப்படும். 1960-களில் காங்கேயம் பக்கத்துச் சிற்றூரில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் அதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அந்த அண்ணன்மாரின் தாய் தாமரை. தங்கை அருக்காணி.

ஒரே கதையில் வரும் இந்த இரண்டு பெயர்களின் தலைவிதியைப் பாருங்கள். தாமரை என்று இன்று ஒரு மகளுக்குப் பெயர் வைத்தால், நல்ல தமிழ்ப் பெயர் என்று பாராட்டுவார்கள். அருக்காணி என்று வைக்கப் போவதாகச் சொன்னால், அந்தப் பெயரைக் கேட்டே வளர்ந்த பெரியவர்கள்தான் முதலில் மறுப்பார்கள். அருக்காணி என்பது அருமை என்று பொருள்படும் சொல். அரியவள் என்று மகளைக் கொஞ்சும் பெயர் அது. பாவாயி, நல்லாயி, குஞ்சம்மாள், மாராத்தாள், கருப்பாத்தாள் என்ற பெயர்களுக்கும் இதே கதிதான். நேற்று வரை ஒவ்வொரு தோட்டத்துச் சாளையிலும் கேட்ட பெயர்கள் இன்று முதியோர் ஓய்வூதியப் பட்டியலில் ஒதுங்கிவிட்டன.

குடும்பத்தின் தயக்கம் புதுமையைக் கண்டு வரும் பயம் மட்டும் என்றால், அருக்காணிக்கு மறுப்பு வரக் கூடாது. வருகிறது. ஆகவே அந்தத் தயக்கத்தின் அடியில் வேறொன்று இருக்கிறது. பிள்ளையை உலகம் எந்தத் தட்டில் வைத்துப் பார்க்கும் என்ற கவலை அது. பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்களோ, சிரித்துவிடுவார்களோ என்ற அம்மாயியின் கேள்வி அந்தக் கவலையிலிருந்து பிறக்கிறது. பாவாயிகள் வரிசையாக இருந்த ஊரில் முதல் சாந்தியும் முதல் வசந்தாவும் வந்தபோது அவைதான் வழக்கத்தில் இல்லாத பெயர்கள். பிறகு அவையே வழக்கமாயின. அதற்குப் பிறகு கவிதாவும் சங்கீதாவும் வந்தார்கள். இப்போது 27 நட்சத்திரம், நட்சத்திரத்துக்கு நான்கு பாதம், ஆக 108 எழுத்து என்ற சோதிடக் கணக்கில் முதலெழுத்தைப் பிடித்துக்கொண்டு, எண்கணிதத்துக்காக ஆங்கில எழுத்தைக் கூட்டிக் குறைத்துப் பெயர்கள் பிறக்கின்றன. அப்பெயர்களில் பலவற்றை அப்பத்தாவால் சொல்லவும் முடியவில்லை. அவற்றின் பொருளைப் பெற்றோரால் விளக்கவும் முடியவில்லை. ஆனாலும் சோதிடர் சொன்னார் என்றால் வீட்டில் மறுப்பு இல்லை. ஒரு சொல்லை விரும்பித் தேர்ந்தோம் என்றால்தான் கேள்வி வருகிறது.

வேண்டாத பெயர்கள்

பழைய பெயர்கள் எல்லாமே கொஞ்சலில் பிறந்தவை என்றும் சொல்லிவிட முடியாது. முந்தைய பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பம்மாள் என்றார்கள். பிச்சையாகக் கேட்டு வாங்கியதாகப் பாவித்துப் பிச்சையம்மாள் என்றார்கள். சாவின் கண்ணுக்கு இந்தப் பிள்ளை மதிப்பில்லாததாகத் தெரியட்டும் என்பது அந்தப் பெயர்களின் வேண்டுதல். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 200 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 13. குப்பம்மாள் என்ற பெயர் நாகரிகத்தால் மட்டும் மறையவில்லை. தடுப்பூசியும் ஆரம்ப சுகாதார நிலையமும் வந்த பிறகு, அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த அச்சம் மறைந்தது.

இன்னொரு வகைப் பெயர் உண்டு. அடுத்தடுத்துப் பெண்ணாகப் பிறந்த வீட்டில் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் வைத்த பெயர்கள். அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்று ஒரு பெண் தன் வாழ்நாள் முழுவதும் நடமாடும் வேண்டுதலாக ஆக்கப்பட்டாள். மகாராட்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் இப்படிப்பட்ட பெண்களுக்கு நகுசா என்று பெயர். வேண்டாதவள் என்பது பொருள். 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகமே விழா எடுத்து, அப்பெயர் கொண்ட 285 சிறுமிகளுக்கு அவர்கள் விரும்பிய புதுப் பெயர்களைச் சூட்டியது.

நம் மண்ணும் இதில் கை சுத்தமானது என்று சொல்லிக்கொள்ள முடியாது. பெண் சிசுக்கொலைக்காகச் சேலம் மாவட்டம் நாடெங்கும் பேசப்பட்டதும், அதைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் அங்கேயே தொடங்கப்பட்டதும் நினைவில் இருக்க வேண்டியவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 943 பேர்தான். இந்தப் பின்னணியில், மகளுக்கு என்ன பெயர் வைப்பது என்று இரண்டு குடும்பங்களும் நாட்கணக்கில் வாதாடுவதை நான் சச்சரவாகப் பார்ப்பதில்லை. பெண் பிறந்த வீட்டில் பெயருக்காக ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டுகிறார்கள் என்றால், அவளை எல்லாரும் வேண்டும் என்கிறார்கள் என்று பொருள்.

பெயர் மறுக்கப்பட்டவர்கள்

வழக்கப்படி பெயர் வை என்று சொல்லும்போது, அந்த வழக்கம் யாருக்கு என்ன பெயரை அனுமதித்தது என்பதையும் கேட்க வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினர் தங்கள் பிள்ளைகளுக்குச் சாமி என்றோ அப்பன் என்றோ மரியாதையாக முடியும் பெயர்களை வைக்க முடியாத ஊர்கள் பல இருந்தன. வைத்தாலும் ஆதிக்கச் சாதியினர் அப்படிக் கூப்பிடமாட்டார்கள். கருப்பா, சடையா என்று வெட்டிச் சுருக்குவார்கள். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவலில் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியர்ப் பிள்ளைகள் கூளையன், நெடும்பன், செவிடி என்ற உடற்கூற்றுப் பெயர்களாலேயே உலவுகிறார்கள். கொங்கு வாழ்க்கையின் உண்மை அது. அந்தப் பிள்ளைகளின் பேத்திகள் இன்று ஈரோட்டிலும் திருப்பூரிலும் தங்கள் மகள்களுக்கு விரும்பிய பெயரைத் தேடித் தேடி வைக்கிறார்கள் என்றால், அதில் உள்ள விடுதலையை வழக்கம் என்ற ஒரு சொல்லால் மறைக்கக் கூடாது.

பெயர் சாதியைச் சொல்லிவிடும் என்பதற்கு அளந்து காட்டிய சான்றும் இருக்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் தனியார் நிறுவனங்களுக்கு ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. குடும்பப் பெயரைத் துறந்த தமிழ்நாட்டு வழக்கம் எத்தனை மதிப்புள்ளது என்பது இந்த எண்களை வைத்துப் பார்த்தால் விளங்கும். அந்த வழக்கத்துக்கு வலுச்சேர்த்தவர் ஈரோட்டுக்காரர்.

ஈரோட்டிலிருந்து புறப்பட்ட பெயர்கள்

1925 மே 2-ஆம் நாள் ஈரோட்டிலிருந்து 'குடி அரசு' இதழைத் தொடங்கியபோது அதன் ஆசிரியர் ஈ.வெ. இராமசாமி நாயக்கர். 1927-இன் இறுதியில் இதழில் அந்தப் பின்னொட்டு மறைந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போட்டுக்கொள்வதைக் கைவிடும்படி தீர்மானித்தது. பெயர் என்பது அரசியல் என்று தமிழ்நாட்டுக்கு உரக்கச் சொன்னது அந்த இயக்கம்.

1931 டிசம்பரில் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டுச் சோவியத் நாட்டில் மூன்று மாதங்கள் தங்கித் திரும்பிய பெரியார், 1932 நவம்பரில் ஈரோடு வந்து சேர்ந்தார். அதன் பிறகு சுயமரியாதைக் குடும்பங்களில் பிறந்த குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ, லெனின் என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். ஒரு நாட்டின் பெயரை, ஒரு நகரத்தின் பெயரைத் தமிழ்ப் பிள்ளைக்குச் சூட்டிய அந்த வீடுகளில் எத்தனை எதிர்ப்பு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மேடைக்குக் குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்துப் பெயரிடச் சொல்வதும், அதற்காக இயக்கத்துக்குச் சிறு தொகை தருவதும் பின்னாளில் பெரியாரின் கூட்டங்களில் வழக்கமான காட்சி. 1953 மார்ச்சில் மு. கருணாநிதி தன் மகனுக்கு அய்யாத்துரை என்று வைக்க எண்ணியிருந்தார். சோவியத் தலைவர் இறந்த செய்தி வந்த நாட்களில் ஸ்டாலின் என்று வைத்தார். பல கோடிப் பேர் நாவில் அந்தப் பெயர் இன்று பழகிப்போய்விட்டது.

பெரியார் என்பதும் பெற்றோர் வைத்த பெயர் அன்று. 1938 நவம்பர் 13-ஆம் நாள் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு அவரை இனிப் பெரியார் என்றே அழைப்பது என்று தீர்மானித்தது. மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார். காலமெல்லாம் கணவன் பெயரைக்கூடச் சொல்லக் கூடாது என்று வாய் அடைக்கப்பட்டிருந்த பெண்கள் ஒன்றுகூடி ஒரு தலைவருக்குப் பெயர் வைத்தார்கள். 1979-இல் கோவையிலிருந்து பிரிந்தபோது இந்த மாவட்டத்துக்கே பெரியார் மாவட்டம் என்று பெயர். ஈரோடு மாவட்டம் என்ற பெயர் 1990-களில்தான் வந்தது. ஈரோட்டில் ஒரு மகளுக்குப் புதுப் பெயர் வைப்பவர்கள் ஊர் வழக்கத்தை மீறுவதாக நினைத்துக் கூச வேண்டியதில்லை. இந்த ஊரின் வழக்கங்களில் அதுவும் ஒன்று.

வாயில் நுழைவது

இனி அப்பத்தாவின் கேள்வி. மூன்றிலும் கூர்மையானது அதுதான் என்று நினைக்கிறேன்.

வேதாசலம் 1916-இல் மறைமலையடிகள் ஆனபோது தன் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களையும் தமிழாக்கினார். மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார். திரிபுரசுந்தரி என்ற மகள் முந்நகரழகி ஆனார். பொருள் பிசகாத மொழிபெயர்ப்பு. மணிமொழி நின்றுவிட்டது, தமிழ்நாடெங்கும் மணிமொழிகள் இருக்கிறார்கள். முந்நகரழகி அந்த வீட்டோடு நின்றது. காரணத்தைக் காது சொல்லும். மணிமொழி நான்கே எழுத்தில் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு போகிறது. முந்நகரழகியை வாசலில் நின்று கூப்பிட முடியாது. கயல்விழி, கனிமொழி, தமிழ்ச்செல்வி எல்லாம் ஒரு காலத்தில் கழகத்துக்காரர் வீட்டுப் பெயர்கள் என்று தனித்துப் பார்க்கப்பட்டவை. அவை எல்லா வீடுகளுக்கும் பரவியதற்குக் கொள்கை ஒரு காரணம். கூப்பிட வந்ததும் ஒரு காரணம்.

கொங்கு நாட்டுக் குடியிருப்பு முறை வேறு. வீடுகள் தெருவாக ஒட்டிக் கிடக்காமல், அவரவர் தோட்டத்தில் தனித்தனிச் சாளையாக இருந்தன. அடுப்படியிலிருந்து கிணற்றுமேட்டுக்குக் கேட்கும்படி கூப்பிட்டாக வேண்டும். ஆத்தாள் என்றும் ஆயி என்றும் அம்மாள் என்றும் பெண் பெயர்கள் நெடில் கொண்ட ஈற்றோடு முடிந்ததை எண்ணும்போது, இழுத்துக் கூப்பிட அவை எத்தனை வாகாக இருந்தன என்று தோன்றுகிறது. பெயர் என்பது எழுதிவைக்கும் சொல்லாக இருப்பதற்கு முன்னால் கூப்பிடும் குரலாக இருந்தது. அப்பத்தா சோதித்துப் பார்ப்பது அதைத்தான். இளவேனில், நறுமுகை, மகிழ், யாழினி என்று எதை எண்ணினாலும் அதை ஒருமுறை வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். அப்பத்தாவையும் கூப்பிடச் சொல்லுங்கள். ழகரம் யகரமாகவும் ளகரமாகவும் மாறி வந்தாலும் அந்தப் பெயர் அழகாக இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அது தேறிவிட்டது.

விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய தமிழ்ப் பெயர் இயக்கத்தில் தொல். திருமாவளவன் தன் தந்தை இராமசாமிக்குத் தொல்காப்பியன் என்று பெயர் சூட்டினார். பெயரனுக்குப் பெயர் கொடுப்பவர் பாட்டன் என்ற ஒழுங்கு அங்கே திரும்பி, மகன் தந்தைக்குப் பெயர் கொடுத்தார். தந்தையும் ஏற்றுக்கொண்டார். பெரியவர்கள் புதுப் பெயருக்குப் பழகமாட்டார்கள் என்று யாராவது சொன்னால், எனக்கு அந்தத் தந்தைதான் நினைவுக்கு வருவார்.

குழந்தையின் பக்கம்

பெற்றோரும் பெரியவர்களும் வாதாடும் இடத்தில் வாய் திறக்க முடியாத ஒருத்தி இருக்கிறாள். பெயரைச் சுமக்கப்போவது அவள்தான்.

ஐஸ்லாந்தில் ஏற்கப்பட்ட பெயர்ப் பட்டியலில் இல்லாத பெயரை வைக்க ஒரு குழுவின் அனுமதி வேண்டும். அங்கே ஒரு தாய் தன் மகளுக்கு பிளேர் என்று பெயர் வைத்தார். இளந்தென்றல் என்பது பொருள். அது ஆண்பால் சொல் என்று சொல்லி அதிகாரிகள் ஏற்கவில்லை. ஆவணங்களில் அந்தப் பெண் பல ஆண்டுகள் வெறும் 'பெண்பிள்ளை' என்றே குறிக்கப்பட்டாள். 2013 ஜனவரியில், அவளுக்கு 15 வயதானபோது, ரேக்யவிக் நீதிமன்றம் அவள் பெயர் அவளுக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. வழக்கத்தில் இல்லாத பெயரை அந்தப் பெண் நேசித்தாள்; அதற்காகத் தாயோடு சேர்ந்து நின்றாள்.

நியூசிலாந்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஹவாயிலிருந்து வந்து ஹூலா நடனம் ஆடுகிறாள் என்ற பொருளில் ஒரு முழு வாக்கியத்தையே மகளுக்குப் பெயராக வைத்திருந்தார்கள். அந்தச் சிறுமி தோழிகளிடம் அதைச் சொல்லவே இல்லை. ஒற்றை எழுத்தால் தன்னை அழைக்கச் செய்தாள். 2008-இல், அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, பெயரை மாற்றுவதற்காகவே நீதிபதி அவளை நீதிமன்றத்தின் பொறுப்பில் எடுத்தார்.

இரண்டுமே அரிய பெயர்கள்தான். தென்றல் என்ற பெயர் அந்தப் பெண்ணை எண்ணி வைக்கப்பட்டது. வாக்கியப் பெயரில் பெற்றோரின் விளையாட்டுத்தான் இருந்தது. அம்மாயியின் கேள்விக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் எந்தப் பெயரையும் கேலி செய்வார்கள். பொதுவான பெயருக்கும் அதிலிருந்து தப்பில்லை. கேலி வரும் நாளில், இந்தப் பெயரை உனக்கு ஏன் வைத்தோம் என்று மகளிடம் சொல்ல ஒரு நல்ல கதை இருக்க வேண்டும். அந்தக் கதை இருந்தால் அவள் நிமிர்ந்து நிற்பாள்.

ஏட்டில் ஏறும் பெயர்

1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயர் முடிவாகாவிட்டாலும் பதியலாம். 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். ஆகவே வீட்டில் வாதம் முடியாத நிலையில், யாரோ ஒருவர் வற்புறுத்தலுக்காக ஆஸ்பத்திரியிலேயே அவசரப்பட்டு ஒரு பெயரை எழுதிக்கொடுக்கத் தேவையில்லை. சட்டமே அவகாசம் தருகிறது.

எழுதும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து ஓட்டுநர் உரிமம் வரை பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று திருத்தச் சட்டம் சொல்கிறது. அரிய பெயரை எழுதுபவர்கள் தங்களுக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிவிடுவார்கள். ழகரத்தையும் றகரத்தையும் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று வீட்டிலேயே முடிவு செய்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, சான்றிதழ் கைக்கு வந்ததும் எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது மகளுக்குச் செய்யும் முதல் உதவி.

இங்கே நாம் அதிகம் எண்ணிப் பார்க்காத ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆணுக்குத் தந்தையின் முன்னெழுத்து கடைசி வரை மாறுவதில்லை. பெண்ணுக்குப் பிறந்தபோது அப்பாவின் எழுத்து. கலியாணம் ஆனதும் பெரும்பாலும் கணவனின் எழுத்து. வீடு மாறும், ஊர் மாறும், கும்பிடும் குலசாமிகூட மாறும். குடும்பப் பெயரும் சாதிப் பெயரும் இல்லாத நம் வழக்கத்தில், பிறந்த நாள் தொட்டுக் கடைசி வரை ஒரு பெண்ணிடமே தங்குவது அவளுக்கு வைத்த பெயர் ஒன்றுதான். மகனுக்குப் பெயர் வைப்பதைவிட மகளுக்குப் பெயர் வைப்பது பெரிய பொறுப்பு என்று நான் நம்புவதற்குக் காரணம் இதுதான். பிறந்த வீடு அவளுக்குக் கொடுத்து, யாரும் வாங்கிக்கொள்ள முடியாத சீர் அது.

காதில் சொல்லும் பெயர்

மூன்று கேள்விகளுக்கும் இப்போது விடை சொல்லலாம். அப்பாரு கேட்கும் தடம் அழியாது. குலசாமி கோயிலில் முடியெடுக்கும்போதும் தாய்மாமன் மடியில் காது குத்தும்போதும் அவள் எந்த வீட்டுப் பிள்ளை என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். சாமி பெயரை வீட்டுப் பெயராக வைத்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. கொங்கில் ஏட்டுப் பெயரும் வீட்டுப் பெயரும் வேறுவேறாக இருப்பது புதிதில்லை. அம்மாயியின் அச்சத்துக்கு, மகளுக்குச் சொல்லத்தக்க ஒரு கதையோடு பெயரைத் தேர்வதே மருந்து. அப்பத்தாவின் சோதனையில் தேறாத பெயர் எத்தனை அழகானதாக இருந்தாலும் விட்டுவிடுவது நல்லது.

தேறிய பெயரில் பெற்றோர் உறுதியாக நிற்கலாம். நிற்கும்போது ஒன்று மட்டும் செய்யலாம். பெயர் சூட்டும் நாளில் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்வது நம் வழக்கம். அந்த முதல் குரலை, நுழையுமா என்று கேட்ட அப்பத்தாவிடமே விட்டுவிடுங்கள். மாமியார் பெயரைச் சொல்லக் கூடாது என்று தன் மகளைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் வளர்த்தவராக அவர் இருக்கலாம். அம்மிணி, கண்ணு என்று ஆயுள் முழுக்க அழைத்துப் பழகிய அந்த வாய், ஒரு பெண் குழந்தையை அவளுக்கென்றே வைத்த பெயரால் முதன்முதலாகக் கூப்பிடட்டும்.